மண்டிக் கணக்கு எல்லாம் எக்செலில் இருக்கிறது, இதை வைத்து டேட்டாபேஸ் கற்க எங்கே தொடங்குவது?

மோல்மீன் மலர்:

எல்லாருக்கும் வணக்கம். பைத்தான் கொஞ்சம் வரும்: லூப், ஃபங்ஷன், ஃபைலைத் திறந்து படிப்பது வரை. அடுத்து ரிலேஷனல் டேட்டாபேஸ் (ஒன்றோடொன்று தொடர்புள்ள டேபிள்களில் தகவலை வைக்கும் முறை) கற்றுக்கொள்ள வேண்டும். பயிற்சிக்கு மாமாவின் தானிய மண்டிக் கணக்கையே எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறேன்.

இப்போது எல்லாம் ஒரே எக்செல் ஷீட். ஒரு வரியில் இருப்பவை: பில் எண், தேதி, வாங்கியவர் பெயர், போன், ஊர், சரக்கு 1, அளவு 1, விலை 1, சரக்கு 2, அளவு 2, விலை 2, சரக்கு 3, அளவு 3, விலை 3, மொத்தம், கட்டியது, பாக்கி. அளவு சில இடத்தில் வீசை, சில இடத்தில் கூடை, ரங்கூன் ஏற்றுமதிக்காரர்களுக்கு டன். இரண்டு தவணையாகப் பணம் வந்திருந்தால் "கட்டியது" கட்டத்திலேயே "5 லட்சம் + 3 லட்சம்" என்று எழுதியிருக்கிறார்கள். பெயர்கள் தமிழில் பாதி, பர்மியில் பாதி. தேடினால் சிலது கிடைக்கிறது, கண்ணுக்கு முன்னால் இருக்கிற சிலது கிடைக்க மாட்டேன் என்கிறது.

எந்த சாஃப்ட்வேரில் தொடங்குவது? இந்த ஷீட்டை எப்படிப் பிரிப்பது? கம்ப்யூட்டர் 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப், பேட்டரி நிற்காது, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அதற்கும் ஏற்ற மாதிரி சொல்லுங்கள்.


பெகு பாண்டியன்:

சாஃப்ட்வேர் பேச்சு கொஞ்சம் பொறுக்கட்டும், மலர். முதலில் ஒரு பெரிய தாள், ஒரு பென்சில். ஒவ்வொரு டேபிளுக்கும் மேலே ஒரே ஒரு வாக்கியம் எழுதுங்கள்: "இந்த டேபிளில் ஒரு வரி என்றால் ஒரு ......". புள்ளி வைத்த இடத்தில் ஒரே ஒரு பொருள்தான் வரலாம். "பில்லும் ஆளும்", "சில சமயம் பில், சில சமயம் வரவு" என்று எழுத வேண்டி வந்தால் அது இரண்டு டேபிள். ரிலேஷனல் டேட்டாபேஸில் பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த வாக்கியத்தை எழுதாததால் வருபவை.

உங்கள் ஷீட்டில் ஒரு வரி என்பது ஆளா, பில்லா, சரக்கா, வரவா? நாலும் ஒன்றாகக் கிடக்கின்றன. அதனால்தான் நாலாவது சரக்கு வாங்கினால் எழுத இடமில்லை. ஒருவரின் போன் மாறினால் அவருடைய பழைய பில் அத்தனையிலும் மாற்ற வேண்டும், ஒன்றை விட்டுவிட்டால் எது சரியான நம்பர் என்று யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு பில் போட்டவரின் பில்லை ரத்து செய்து வரியை அழித்தால் அவர் போன் நம்பரும் கூடவே போய்விடும். நார்மல் ஃபார்ம் என்று புத்தகங்களில் வருவது இந்தத் தொல்லைகளை ஒழிக்கும் வழிதான். ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் ரிலேஷனல் முறையை எழுதி வெளியிட்டார், முதல் மூன்று நார்மல் ஃபார்ம்களை வகுத்ததும் அவர்தான். அதன் இலக்கணத்தை முதலிலேயே மனப்பாடம் செய்ய வேண்டாம். உங்கள் தாளில் பிரித்து முடித்த பிறகு படியுங்கள், உடனே பிடிபடும்.

உங்கள் ஷீட் இப்படிப் பிரியும்:

வாடிக்கையாளர்: ஒரு வரி என்றால் ஒரு ஆள் அல்லது ஒரு கடை.
சரக்கு: ஒரு வரி என்றால் ஒரு தானியம் (உளுந்து, துவரை, பாசிப்பயறு, நெல், அரிசி).
பில்: ஒரு வரி என்றால் ஒரு பில். எண், தேதி, வாடிக்கையாளர்_எண்.
பில்_வரி: ஒரு வரி என்றால் ஒரு பில்லில் ஏறிய ஒரு சரக்கு. பில்_எண், வரிசை, சரக்கு_எண், அளவு, அலகு, விலை, தொகை.
வரவு: ஒரு வரி என்றால் ஒரு தடவை கைக்கு வந்த பணம். அந்த "5 லட்சம் + 3 லட்சம்" இங்கே இரண்டு வரியாகும்.
அலகு_எடை: ஒரு வரி என்றால் ஒரு சரக்குக்கு ஒரு அலகின் எடை.

கடைசி டேபிளில் கொஞ்சம் நிற்க வேண்டும். வீசை எந்தச் சரக்கானாலும் ஒரே எடைதான், 3.6 பவுண்டு, கிராமில் 1,633. கூடை அப்படி இல்லை. நெல் ஒரு கூடை 46 பவுண்டு, அரிசி ஒரு கூடை 75 பவுண்டு. "கூடை = இத்தனை கிலோ" என்று அலகுக்கு மட்டும் ஒரு எண் போட்டு வைத்தால் நெல் இருப்போ அரிசி இருப்போ ஏதோ ஒன்று கட்டாயம் தப்பாக வரும். எடையைத் தீர்மானிப்பது சரக்கும் அலகும் சேர்ந்து. ஆகவே இந்த டேபிளின் பிரைமரி கீ (ஒவ்வொரு வரியையும் தனித்துக் காட்டும் அடையாளம்) இரண்டு ஃபீல்டு சேர்ந்தது: (சரக்கு_எண், அலகு). நெல்-கூடை 20,865 கிராம், அரிசி-கூடை 34,019 கிராம், உளுந்து-வீசை 1,633 கிராம், இப்படி. மற்றச் சரக்குகளுக்குக் கூடை எடையை மாமாவிடமே கேட்டு ஏற்றுங்கள். பில்_வரியின் ஃபாரின் கீயும் (வேறு டேபிளின் வரியைச் சுட்டும் ஃபீல்டு) இந்த ஜோடியைத்தான் சுட்ட வேண்டும். அப்படிச் சுட்டினால், எடை வரையறுக்காத அலகில் யாராவது பில் போட முயன்றால் டேட்டாபேஸே தடுத்துவிடும். நீங்கள் பைத்தானில் தனியாகச் சோதிக்க வேண்டியதில்லை.

விலையைப் பற்றி ஒரு சந்தேகம் எல்லாருக்கும் வரும். சரக்கு டேபிளிலேயே இன்றைய விலை இருக்கிறதே, பில்_வரியில் திரும்ப எதற்கு என்று. இரண்டும் ஒன்றல்ல. ஒன்று இன்று மண்டி சொல்கிற விலை, மற்றது அன்று அந்த ஆளிடம் பேசி முடித்த விலை. பில்_வரியில் எழுதாமல் விட்டால் உளுந்து விலை ஏறும் அன்று பழைய பில் எல்லாம் தானாக ஏறிவிடும். மாறாக மொத்தத்தையும் பாக்கியையும் டேபிளில் வைக்க வேண்டாம், கேட்கும்போது கூட்டிக்கொள்ளலாம். எழுதி வைத்தால் ஒரு வரவைத் திருத்தும்போது பாக்கியைத் திருத்த மறந்துவிடுவோம். பேரத்தில் குறைத்த தொகை இருந்தால் பில்லில் "தள்ளுபடி" என்று தனி ஃபீல்டு போடுங்கள்.

பிரைமரி கீயாக அடையாள அட்டை எண்ணை வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். அட்டை எல்லாரிடமும் இல்லை, கடைக்கு அட்டையே கிடையாது, "12/......(நைங்)......" என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக அடிப்பார்கள். அர்த்தமில்லாத ஓடு எண் ஒன்றே போதும். பெயரை முதல் பெயர், குடும்பப் பெயர் என்று வெளிநாட்டு மாதிரிகளில் பிரித்திருப்பார்கள். நம் ஊருக்கு அது சரிப்படாது. பர்மியருக்குக் குடும்பப் பெயரே இல்லை, நம்மவர்களில் பலருக்குத் தமிழ்ப் பெயர் ஒன்று, பர்மியப் பெயர் ஒன்று. "தமிழ்ப் பெயர்", "பர்மியப் பெயர்" என்று இரண்டு ஃபீல்டு, ஊ, டோ, கோ, மா போன்ற மரியாதை முன்சொல்லுக்குத் தனி ஃபீல்டு. இரண்டு பெயரில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று ஒரு செக் விதி போடுங்கள்.

போன் நம்பர் டெக்ஸ்ட்தான், எண் வகை அல்ல. எண்ணாக வைத்தால் 09-இன் சைபர் போய்விடும். பணம் முழு எண். நடைமுறையில் பியா (கியாட்டின் நூறில் ஒரு பங்கு) இல்லாததால் தசமம் தேவையே இல்லை. ஃப்ளோட் (தசம எண்) வகையில் பணம் வைக்காதீர்கள், அதில் 0.1 + 0.2 என்பது 0.30000000000000004. முழு எண்ணிலும் ஒரு எச்சரிக்கை: போஸ்ட்கிரஸ், மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்களில் சாதாரண இன்டிஜர் (முழு எண் வகை) 2,14,74,83,647-இல் நின்றுவிடும். கியாட்டில் அது 214 கோடிதான், ஏற்றுமதிக் கணக்கில் எட்டிவிடக்கூடிய தொகை. அவற்றில் பிக்இன்ட் (பெரிய முழு எண் வகை) போடுங்கள்.


ரங்கூன் தேவகி:

பாண்டியன் அண்ணன் சொன்ன தாள் வேலையை முடித்துவிட்டு வா, மலர். சாஃப்ட்வேருக்கு என் பதில் எஸ்கியூலைட். தனியாக சர்வர் ஓட வேண்டியதில்லை, முழு டேட்டாபேஸும் ஒரே ஃபைல், பைத்தானோடு எஸ்கியூலைட்3 மாட்யூல் கூடவே வந்துவிடுகிறது. நெட் இல்லாமலே முழுக்கக் கற்கலாம். டேபிள்களைக் கண்ணால் பார்க்க டிபி பிரவுசர் ஃபார் எஸ்கியூலைட் போதும்.

ஆனால் எஸ்கியூலைட்டில் தொடங்குபவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு, இப்போதே தெரிந்துகொள்.

ஃபாரின் கீ சோதனை வழக்கமாக அணைந்தே இருக்கும். கனெக்ஷன் திறக்கும் ஒவ்வொரு தடவையும் முதல் வேலையாக "பிராக்மா ஃபாரின்_கீஸ் = ஆன்" ஓட்ட வேண்டும். ஒரு தடவை போட்டால் ஃபைலில் நிலைத்துவிடும் என்று நினைக்காதே, அது அந்த கனெக்ஷனோடு முடிந்துவிடும். சோதிக்க, இல்லாத வாடிக்கையாளர் எண் 9999-க்கு ஒரு பில் போட்டுப் பார். எரர் வந்தால் சரி. பேசாமல் ஏற்றுக்கொண்டால் இன்னும் அணைந்திருக்கிறது.

அடுத்து வகை. எண் ஃபீல்டில் எழுத்தைப் போட்டாலும் எஸ்கியூலைட் வாங்கிக்கொள்ளும். எக்செலிலிருந்து "12,500" என்று கமாவோடு வந்தால் அது டெக்ஸ்டாக உட்கார்ந்துவிடும், சம் போட்டுக் கூட்டும்போது கமாவுக்கு முன்னால் உள்ள 12 மட்டும் சேரும். எரர் எதுவும் வராது, கூட்டுத்தொகை மட்டும் குறையும். 3.37 பதிப்பிலிருந்து ஒவ்வொரு டேபிளின் முடிவிலும் "ஸ்ட்ரிக்ட்" என்று போடலாம். போட்டால் அந்த 12,500 வாசலிலேயே நின்றுவிடும். ஸ்ட்ரிக்ட் டேபிளில் தேதி வகை கிடையாது. தேதியை டெக்ஸ்டாக, ஆண்டு-மாதம்-நாள் வரிசையில் வை: 2024-03-07. நாள் முதலில் வரும்படி வைத்தால் வரிசைப்படுத்தும்போது ஜனவரி 7-க்குப் பக்கத்தில் மார்ச் 7 வந்து நிற்கும்.

பைத்தான் பக்கம் இரண்டு. இன்சர்ட், அப்டேட், டெலீட் (வரியைச் சேர்க்க, மாற்ற, அழிக்க) ஓட்டினால் மாட்யூல் தானாக ஒரு டிரான்சாக்ஷன் (முழுதாக நடக்கும் அல்லது நடக்கவே நடக்காத வேலைத் தொகுதி) திறந்துவிடும். கமிட் (செய்ததை நிலைப்படுத்து என்ற கட்டளை) கூப்பிடாமல் புரோகிராம் முடிந்தால் எல்லாம் போச்சு. ஓட்டும்போது செலக்ட் போட்டால் வரிகள் தெரியும், மறுபடி திறந்தால் டேபிள் காலி. இது வந்தால் கமிட் விட்டுப்போச்சு என்று அர்த்தம். இரண்டாவது, பெயரை எஸ்கியூஎல் (டேட்டாபேஸோடு பேசும் மொழி) வாக்கியத்துக்குள் ஒட்டவே ஒட்டாதே. கேள்விக்குறி வைத்து மதிப்பைத் தனியாகக் கொடு. ஒட்டினால் பெயருக்குள் ஒற்றை மேற்கோள் வந்த அன்று வாக்கியம் உடையும், கெட்ட எண்ணம் உள்ளவன் அதே ஓட்டை வழியாக டேபிளையே அழிக்கலாம். மதிப்பைக் கொடுக்கும்போது ஒரே மதிப்பானாலும் டியூப்பிளாகக் கொடு, பெயருக்குப் பின்னால் ஒரு கமா. அந்தக் கமா இல்லாமல் "தமிழ்" என்று கொடுத்தால், "1 வேண்டும், 5 வந்திருக்கிறது" என்று எரர் சொல்லும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறியீடுகளையும் தனித்தனி மதிப்பாக எண்ணிவிட்டது, அவ்வளவுதான்.

கரண்ட் விஷயம். ஒரு பில்லும் அதன் வரிகளும் ஒரே டிரான்சாக்ஷனில் போகட்டும்: பிகின், பில் இன்சர்ட், வரிகள் இன்சர்ட், கமிட். நடுவில் கரண்ட் போனால் அடுத்த தடவை திறக்கும்போது எஸ்கியூலைட் அந்தப் பாதிப் பில்லைத் தானே திரும்ப எடுத்துவிடும். சரக்கு இல்லாத பில் மிஞ்சாது. பேக்கப் எடுக்கும்போதுதான் கவனம். புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும்போது ஃபைலைக் காப்பி செய்து பென்டிரைவில் போடாதே. வால் மோடில் (WAL, மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் முறை) இருந்தால் கடைசியாக எழுதியது பக்கத்தில் இருக்கும் "-வால்" ஃபைலில் இருக்கும், முதன்மை ஃபைலை மட்டும் எடுத்தால் அந்தப் பில்கள் வராது. பைத்தான் கனெக்ஷனில் பேக்கப் என்றே ஒரு மெத்தட் உண்டு, அதைப் பயன்படுத்து. எடுத்த ஃபைலை வேறு ஃபோல்டரில் திறந்து பில் எண்ணிக்கையை ஒப்பிட்ட பிறகுதான் அது பேக்கப்.


காதர் பாய், தட்டோன்:

தேவகி சொன்னது தொடக்கத்துக்குச் சரி. ஆனால் எஸ்கியூஎல் பழகுவதற்கு போஸ்ட்கிரஸ்தான் நல்ல வாத்தியார் என்பது என் கருத்து. குரூப் பையில் (GROUP BY, வரிகளைக் குழுவாக்கும் பகுதி) சேர்க்காத ஃபீல்டைச் செலக்டில் கேட்டால் எஸ்கியூலைட் ஏதோ ஒரு வரியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடும். போஸ்ட்கிரஸ் எரர் போட்டு நிறுத்தும். கற்றுக்கொள்கிறவருக்கு அந்த நிறுத்தம் தேவை. ராம் பற்றிக் கவலை வேண்டாம்மா, அதன் ஷேர்டு பஃபர் (தனக்கென ஒதுக்கும் நினைவகம்) ஆரம்ப அளவே 128 எம்பிதான், 4 ஜிபியில் தாராளமாக ஓடும். மேனுவல் முழுவதும் பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளலாம், நெட் இல்லாத நாளிலும் படிப்பு நிற்காது. மண்டியில் இரண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்தில் பில் போடப் போகிறது என்றால் அப்போது போஸ்ட்கிரஸைத் தவிர வேறு யோசனையே வேண்டாம். எஸ்கியூலைட் ஃபைலை நெட்வொர்க் ஃபோல்டரில் வைத்து இரண்டு பக்கமும் எழுதினால் லாக் சரியாக வேலை செய்யாமல் ஃபைலே கெட்டுப்போகும்.

நீங்கள் கேட்ட பெயர்த் தேடலுக்கு வருகிறேன். கண்ணுக்கு ஒரே மாதிரி தெரிவது உள்ளே வேறு குறியீடுகளாக இருக்கிறது. பர்மியில் முதல் சந்தேகம் ஸோஜி, அதாவது யுனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டு முறையைப் பின்பற்றாத பழைய பர்மிய எழுத்துரு. 2019 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு யுனிகோடுக்கு மாறியது. அதற்கு முன்னால் அடித்த எக்செல் ஃபைல்களில் ஸோஜி எழுத்துதான் அதிகம். ஸோஜியும் யுனிகோடின் பர்மியப் பகுதியிலுள்ள எண்களையே எடுத்துக்கொண்டு வேறு எழுத்துக்குப் பயன்படுத்துகிறது. வரிசையும் வேறு. நம் "கெ"யில் கொம்பு முன்னால் தெரிந்தாலும் யுனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. பர்மியிலும் எழுத்துக்கு முன்னால் தெரியும் ஏகாரக் குறி அப்படித்தான், ஸோஜியிலோ கண்ணில் படும் வரிசையிலேயே குறியை முதலில் வைப்பார்கள். பைட்டு அளவில் இரண்டுமே செல்லுபடியாகும் யுடிஎஃப்-8 (யுனிகோடைச் சேமிக்கும் முறை), அதனால் எந்த டேட்டாபேஸும் மறுக்காது. நீங்கள்தான் உள்ளே விடும் முன் பிரிக்க வேண்டும். கூகுள் வெளியிட்ட மியான்மர் டூல்ஸ் என்ற லைப்ரரி ஒரு வாக்கியம் ஸோஜியாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று 0 முதல் 1 வரை மதிப்பெண் கொடுக்கும். 1-ஐ ஒட்டி வருவதை மாற்றுங்கள், 0-ஐ ஒட்டி வருவதை அப்படியே விடுங்கள், நடுவில் நிற்பதைத் தனி லிஸ்டில் எடுத்துக் கண்ணால் பாருங்கள். இரண்டு மூன்று எழுத்துள்ள சின்னப் பெயர்களில் அது தடுமாறும், அதனால் பெயர், ஊர், குறிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஒரே சரமாகக் கொடுத்துச் சோதிப்பது நல்லது.

தமிழிலும் இதே பாடு உண்டு. "பொன்னையா"வின் பொ: ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் வைக்கலாம். தேடலுக்கு இரண்டும் வெவ்வேறு ஆள். பைத்தானில் யுனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி (பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து ஒரே வடிவமாக்கும்) வகையில் ஓட்டினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஏற்றும்போதும் ஓட்டுங்கள், தேடும் சொல்லிலும் ஓட்டுங்கள், ஒரு பக்கம் மட்டும் செய்து பயனில்லை. என்எஃப்சி தீர்க்காதது ஒன்று இருக்கிறது: "கௌரி" என்பதை ஔகாரக் குறிக்குப் பதில் ள எழுத்தைப் போட்டுக் "கெளரி" என்று அடித்திருப்பார்கள். திரையில் வித்தியாசமே தெரியாது. அதற்காக எல்லா இடத்திலும் கொம்பு-ள ஜோடியை ஔகாரமாக மாற்றிவிடாதீர்கள், கெளுத்தி மீன் கெட்டுப்போகும். கௌரி, மௌலானா, சௌந்தரம் மாதிரி பெயர்களுக்கு ஒரு திருத்தப் பட்டியல் வைத்து மாற்றுங்கள்.

போன் நம்பரைப் பர்மிய இலக்கத்தில் அடித்திருப்பார்கள், அதை எந்த நார்மலைசேஷனும் மாற்றாது, பத்து இலக்கத்துக்கும் நீங்களே ஒரு மாற்று அட்டவணை எழுத வேண்டும். பர்மிய உரையைக் காப்பி செய்தால் கண்ணுக்குத் தெரியாத ஜீரோ-விட்த் ஸ்பேஸ் கூடவே வரும், அதையும் நீக்குங்கள்.

ஒரிஜினல் எக்செலை மட்டும் தொடாமல் அப்படியே வைத்திருங்கள். முதலில் எல்லாவற்றையும் டெக்ஸ்டாகவே ஒரு தற்காலிக டேபிளில் இறக்கி, சுத்தம் செய்து, அங்கிருந்து உண்மையான டேபிள்களுக்கு மாற்றுங்கள். தவறு நடந்தால் திரும்ப ஓட்டலாம்.


மோல்மீன் மலர்:

ரொம்ப நன்றி, எல்லாருக்கும். எஸ்கியூலைட்டில் ஆறு டேபிளும் போட்டு ஸ்ட்ரிக்டும் ஃபாரின் கீயும் வைத்துவிட்டேன், 9999 சோதனையில் எரர் வந்தது. இப்போது பாக்கியில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். பில் 118: உளுந்து 6,00,000, துவரை 4,50,000, பாசிப்பயறு 2,50,000, ஆக 13,00,000. வரவு 5,00,000, 3,00,000. பாக்கி 5,00,000 வர வேண்டும். பில், பில்_வரி, வரவு மூன்றையும் ஜாயின் செய்து (பில் எண் வைத்து இணைத்து) இரண்டு சம்மையும் கழித்தால் 2,00,000 என்று வருகிறது. எரர் எதுவும் இல்லை. தொகையில் டிஸ்டிங்க்ட் (ஒரே மதிப்பு திரும்ப வந்தால் ஒரு தடவை மட்டும் எடுப்பது) போட்டேன், 5,00,000 வந்துவிட்டது. அதுவே சரியான வழியா?


ரங்கூன் தேவகி:

இல்லை மலர், டிஸ்டிங்க்டை உடனே எடுத்துவிடு. இந்தப் பில்லில் சரியாக வந்தது தற்செயல்.

சம்மையும் குரூப் பையையும் எடுத்துவிட்டு ஜாயினை மட்டும் ஓட்டி வரிகளைப் பார். 6 வரி வரும். பில் 118-க்கு 3 பில்_வரி, 2 வரவு. பில்_வரிக்கும் வரவுக்கும் நேரடி உறவு எதுவும் இல்லை, இரண்டும் பில்லைத்தான் பிடித்திருக்கின்றன. அதனால் ஒவ்வொரு சரக்கும் ஒவ்வொரு வரவோடும் ஜோடி சேரும், 3 × 2 = 6. சரக்குத் தொகை ஒவ்வொன்றும் இரண்டு தடவை, 26,00,000. வரவு ஒவ்வொன்றும் மூன்று தடவை, 24,00,000. கழித்தால் உன் 2,00,000. அண்ணன் சொன்ன வாக்கியத்தை இந்த ரிசல்ட்டுக்கும் கேட்டுப் பார்: ஒரு வரி என்றால் ஒரு என்ன? பில்லும் இல்லை, சரக்கும் இல்லை, வரவும் இல்லை. அப்படிப்பட்ட வரிகளைக் கூட்டவே கூடாது.

டிஸ்டிங்க்ட் எங்கே கவிழ்க்கும் என்றால், ஒரே ஆள் 4,00,000, 4,00,000 என்று இரண்டு சம தவணை கட்டினால். இரண்டில் ஒன்றை அது விழுங்கிவிடும். பணம் கட்டியவரிடம் மறுபடி 4,00,000 கேட்டுப் போன் போகும்.

சரியான வழி, கூட்டிவிட்டுப் பிறகு சேர்ப்பது. பில்_வரியைத் தனியாக பில்_எண் வாரியாக குரூப் பை செய்து சம் எடு, அதில் ஒரு வரி என்றால் ஒரு பில். வரவையும் அப்படியே, அதிலும் ஒரு வரி என்றால் ஒரு பில். இரண்டையும் வித் வைத்துப் பெயர் கொடுத்துக்கொள், படிக்க எளிது. பிறகு பில் டேபிளோடு இரண்டையும் லெஃப்ட் ஜாயின் செய். இப்போது 118-க்கு ஒரே வரி: 13,00,000, 8,00,000.

லெஃப்ட் எதற்கு என்றால், இன்னும் ஒரு கியாட்டும் கட்டாத பில்லுக்கு வரவில் வரியே இருக்காது. வெறும் ஜாயின் போட்டால் அந்தப் பில்லே லிஸ்டில் வராது, பாக்கி லிஸ்டில் முதலில் வர வேண்டியதே அதுதான். லெஃப்ட் போட்டாலும் வரவு இடத்தில் நல் (NULL, மதிப்பே இல்லை என்ற குறி) நிற்கும், 13,00,000-இலிருந்து நல்லைக் கழித்தால் நல். கோவலஸ் வைத்து நல்லை 0 ஆக்கிவிட்டுக் கழி. தள்ளுபடி ஃபீல்டுக்கும் அதே, அல்லது டேபிளிலேயே நாட் நல், டிஃபால்ட் 0 என்று வைத்துவிடு.

லெஃப்ட் ஜாயின் எழுதிவிட்டு வேரில் (WHERE, நிபந்தனை எழுதும் பகுதி) "வரவு.தேதி இந்த மாதம்" என்று நிபந்தனை போட்டால் லெஃப்ட் போட்ட பலன் போய்விடும். வரவு இல்லாத பில்லில் அந்தத் தேதி நல், நிபந்தனையில் தேறாது, வரி விழுந்துவிடும். வரவு பற்றிய நிபந்தனையை அந்த வித் பகுதிக்குள்ளேயே போடு.


பெகு பாண்டியன்:

தேவகி சொன்னதோடு ஒன்று. ரொக்க விற்பனையில் வாடிக்கையாளர்_எண்ணை நல் என்றே விட்டிருப்பீர்கள். "இதுவரை எதுவும் வாங்காத வாடிக்கையாளர்" லிஸ்டுக்கு நாட் இன் எழுதினால், பில் டேபிளில் ஒரே ஒரு நல் இருந்தாலும் ரிசல்ட் முழுக்கக் காலி. நல் யாராக வேண்டுமானாலும் இருக்கலாம் என்பதால் எஸ்கியூஎல் யாரையும் "இல்லை" என்று உறுதியாகச் சொல்லாது. நாட் எக்ஸிஸ்ட்ஸ் எழுதுங்கள்.

அழிப்பதற்கும் விதி எழுதி வையுங்கள். பில்லை அழித்தால் அதன் பில்_வரிகளும் போகட்டும், ஆன் டெலீட் கேஸ்கேட். வாடிக்கையாளரை அழிக்கும்போது பில் இருந்தால் தடுக்கட்டும், ரெஸ்ட்ரிக்ட். வரவுக்கும் ரெஸ்ட்ரிக்ட்தான், பணம் வாங்கிய பில் சத்தமில்லாமல் மறையக் கூடாது. அப்டேட், டெலீட் எழுதும் முன் அதே வேர் நிபந்தனையோடு செலக்ட் ஓட்டி எத்தனை வரி என்று பாருங்கள், பிகின் போட்டு ஓட்டுங்கள், மாறிய எண்ணிக்கை ஒத்துப்போனால் கமிட், இல்லையென்றால் ரோல்பேக் (செய்ததைத் திரும்ப எடு). வேர் விட்டுப்போன அப்டேட் டேபிள் முழுவதையும் மாற்றிவிடும்.

இன்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் துணை அட்டவணை) பற்றி இப்போதைக்கு இது போதும்: பில்_வரியில் பிரைமரி கீ (பில்_எண், வரிசை) என்று இருந்தால் பில்_எண்ணுக்குத் தனியாக வேண்டாம். வரவு.பில்_எண்ணுக்கும் பில்.வாடிக்கையாளர்_எண்ணுக்கும் ஒவ்வொன்று போடுங்கள். எஸ்கியூலைட்டும் போஸ்ட்கிரஸும் ஃபாரின் கீக்குத் தானாக இன்டெக்ஸ் போடுவதில்லை. எக்ஸ்பிளெயின் கொயரி பிளான் ஓட்டினால் "ஸ்கேன்" (முழு டேபிளையும் படிப்பது) என்று வந்தது "சர்ச்" (நேராகத் தேடுவது) என்று மாறும்.


மோல்மீன் மலர்:

பாக்கி சரியாக வந்துவிட்டது, தேவகி அக்கா. சரக்கே ஏறாத ஒரு பில் இருந்ததும் இதில்தான் தெரிந்தது. ஒரு சின்னச் சந்தேகம்: பில் தேதிக்கு கரன்ட்_டைம்ஸ்டாம்ப் (இப்போதைய நேரம்) டிஃபால்ட் வைத்திருந்தேன். காலையில் முதலில் போடுகிற இரண்டு மூன்று பில் முந்தின நாள் கணக்கில் போய் விழுகிறது. லேப்டாப் கடிகாரம் சரியாகத்தான் இருக்கிறது.


காதர் பாய், தட்டோன்:

கடிகாரத்தில் குறை இல்லைம்மா. எஸ்கியூலைட்டின் கரன்ட்_டைம்ஸ்டாம்ப் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தைத்தான் எழுதும். நம் நேரம் அதைவிட ஆறரை மணி முந்தியது. காலை 6:10-க்குப் போட்ட பில் யுடிசியில் முந்தின இரவு 11:40. காலை 6:30-க்கு முன்னால் போடுகிற ஒவ்வொரு பில்லுக்கும் இது நடக்கும். அதற்குப் பிறகு போட்டவற்றில் தேதி சரியாக இருக்கும், நேரம் மட்டும் ஆறரை மணி பின்தங்கி நிற்கும்.

இரண்டு ஃபீல்டாகப் பிரியுங்கள். "பில்_தேதி": மாமா பில் புத்தகத்தில் எழுதுகிற தேதி, வெறும் தேதி மட்டும், புரோகிராம் உள்ளூர்த் தேதியை நிரப்பிக் காட்டட்டும், தேவைப்பட்டால் மாற்ற முடியட்டும். நேற்றைய பில்லை இன்று ஏற்றுவது மண்டியில் சாதாரணம். "பதிந்த_நேரம்": யுடிசியில் தானாக விழுவது, யாரும் மாற்றக் கூடாது. தினக் கணக்கு, மாதக் கணக்கு எல்லாம் பில்_தேதியை வைத்து.

ஏற்கனவே விழுந்த வரிகளைத் திருத்த, பழைய ஃபீல்டோடு "+6 ஹவர்ஸ்", "+30 மினிட்ஸ்" என்று இரண்டு மாடிஃபையரும் கொடுத்து டேட் ஃபங்ஷனில் போட்டால் நம் ஊர்த் தேதி வரும். எக்செலிலிருந்து இறக்கிய பில்களில் இதை ஓட்டிவிடாதீர்கள், அவற்றின் தேதி ஏற்கனவே சரி. புதிதாகப் போட்ட பில் எண் எதிலிருந்து தொடங்குகிறது என்று பார்த்து வேரில் அதைக் கட்டாயம் வையுங்கள். போஸ்ட்கிரஸுக்கு மாறும் நாளில் டைம்ஸ்டாம்ப்டிஇஸட் (டைம்சோனைக் கணக்கில் எடுக்கும் நேர) வகையும் "ஆசியா/யாங்கோன்" டைம்சோனும் வைத்தால் இந்தக் கூட்டலை நீங்கள் செய்ய வேண்டியிருக்காது. அப்போதும் பில்_தேதி தனி ஃபீல்டாகவே இருக்கட்டும்.